நஞ்சுண்டண்ணனின் இரண்டு கதவுகள்

நஞ்சுண்டண்ணன் ஒரு கதவை மூடாமல் இன்னொரு கதவைத் திறந்து நான் பார்த்ததில்லை.

அவருடைய பசுமைக்குடிலுக்கு இரண்டு கதவுகள். முதல் கதவைத் திறந்து நுழைந்தால் ஆறடிக்கு ஆறடியில் ஒரு சின்ன அறை. அங்கே நின்று, வந்த கதவைச் சாத்தித் தாழ் போட்ட பிறகுதான் உள்கதவில் கை வைக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் காற்றோடு பூச்சி உள்ளே போய்விடும். செருப்பை விட்டுவிட்டு, மருந்துத் தண்ணீர் ஊற்றிய தட்டில் காலை நனைத்து, ஆணியில் தொங்கும் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். மஞ்சள் உடுத்தியவர்களுக்கு அனுமதியே கிடையாது. மஞ்சளைக் கண்டால் பூச்சிகள் வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே உள்ளே நாற்பது மஞ்சள் அட்டைகளைப் பசை தடவித் தொங்கவிட்டிருந்தார். காலையில் எழுந்ததும் அந்த அட்டைகளில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருக்குச் செய்தித்தாள்.

அன்னூரிலிருந்து அவிநாசி போகிற சாலையில், எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம் அவருடையது. நடுவில் ஒரு கம்பிவேலி மட்டும். அதில் கால் ஏக்கரில் குடில் போட்டு, சிவப்பிலும் மஞ்சளிலும் குடைமிளகாய் வளர்க்கிறார். மூவாயிரம் செடிகள். ஊரில் அவருக்குக் 'கேப்சிகத்துக்காரர்' என்று பெயர். நாற்பத்திரண்டு வயது. அப்பா அவர் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது.

நான் ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு இந்த ஆனியில்தான் திரும்பி வந்தேன். ஸ்பெயினின் தென்கரையில் ஒரு பருவம் முழுக்க இதே காயைப் பறித்துப் பெட்டியில் அடுக்கியிருக்கிறேன். அங்கே ஒரு குடிலுக்குள் இருபது பேர் இருப்போம். ஏழு மொழிகளில் பாட்டும் திட்டுமாக இருக்கும். அந்தப் பழக்கத்தில்தான் இவருடைய குடிலுக்குள்ளும் போய் நின்றேன். உள்ளே அவர் ஒருவர் மட்டும். வலை அவ்வளவு நெருக்கமானது. ஒரு கொசுகூட நுழைய முடியாது. பறவைச் சத்தம் வெளியே எங்கோ கேட்கும். சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் ஓடினால் அதுவும் கேட்கும்.

"பயமா இருக்குதா கண்ணு?" என்றார் முதல் நாள்.

"இல்லீங்ணா. காதுக்குள்ள என்னமோ அடைச்ச மாதிரி இருக்குது."

"பழகிரும்" என்றார். "எனக்கு இப்ப வெளிய போனாத்தான் எரைச்சலா இருக்குது."

குடைமிளகாய்ப் பூவுக்குத் தேனீ அவசியமில்லை. பூ அசைந்தால் போதும், தன் மகரந்தத்தில் தானே காய்த்துக்கொள்ளும். ஆனால் வலைக்குள் காற்று அசையாது. அதனால் தினமும் காலை ஒன்பது மணிக்கு அவர் ஒரு மூங்கில் குச்சியோடு வரிசை வரிசையாக நடப்பார். மேலே ஓடும் கம்பியில் இருந்துதான் செடிகளெல்லாம் நூலில் தொங்குகின்றன. கம்பியைத் தட்டிக்கொண்டே போனால் ஒரு வரிசை முழுவதும் நடுங்கும். டங், டங் என்று அந்தச் சத்தம் எங்கள் வீட்டு அடுப்படி வரைக்கும் வரும். அம்மா அதைக் கேட்டுத்தான் மணி ஒன்பது என்று சொல்வாள்.

நட்ட முப்பதாம் நாள் செடி கவட்டை பிரியும் இடத்தில் முதல் பூ வரும். அதைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். அப்போதுதான் செடி உயரும். அந்த வாரம் நானும் கூட இருந்து கிள்ளினேன். அவர் கிள்ளிய பூவைக் கீழே போடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே கொண்டுவந்து கொட்டினார். கீழே கிடந்தால் அழுகும், பூச்சிக்கு வீடாகும் என்றார்.

நல்ல காய்களையெல்லாம் உக்கடம் சந்தையிலிருந்து வாரம் இரண்டு முறை வேன் கொண்டுவரும் வியாபாரி நிஜாம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். கோணலாக இருப்பது, மூக்கு நீண்டது, ஒருபக்கம் சப்பையானது இதெல்லாம் வீட்டுக்கு. முதலில் அவர் வீட்டில் யாரும் இதைச் சாப்பிட மாட்டார்களாம். "மொளகான்னு பேரு, ஒறப்பே இல்ல, இத எவன் திம்பான்னு எங்கம்மா கோழிக்குப் போட்டுருவாங்க" என்றார். அம்மா போன பிறகு, ஒருவருக்காக எதை ஆக்குவது என்று யோசித்து, அரிசிம்பருப்புச் சாதத்தில் மஞ்சள் குடைமிளகாயை அரிந்து போட்டிருக்கிறார். பிடித்துவிட்டது. நிலக்கடலையை வறுத்துப் பொடித்து மேலே தூவிப் பொரியலும் செய்வார். மத்தியானம் பசித்தால் பச்சையாகவே கடிப்பார். எனக்கும் ஒன்று நீட்டுவார். வெயிலில் சூடான காயைக் கடித்தால் உள்ளே இனிப்பாகத் தண்ணீர் விடும். ஆளுக்கு ஒரு வரிசையின் முனையில் உட்கார்ந்து கடித்துக்கொண்டிருப்போம்.

பதினான்கு வருடமாக அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகர் போன் செய்தால் பெண் வீட்டில் முதல் கேள்வி பையன் எந்தக் கம்பெனி என்பதுதான். தோட்டம் என்றதும் போனை வைத்துவிடுவார்கள்.

"தோட்டம் வேணுங்கறாங்க கண்ணு. அதுல வேலை செய்யற மாப்ளதான் வேண்டாமாம்" என்று சிரிப்பார். இந்த வேடிக்கையை அவர் நிறைய முறை சொல்லியிருக்க வேண்டும். சிரிப்பு வார்த்தைக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர் பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் எடுத்துவிட்டார்கள். இவர் போகவில்லை. மூன்று வருடத்துக்கு முன் கோபியிலிருந்து ஒரு பெண் வீட்டார் வந்தார்கள். பன்னிரண்டு பேர், குடிலைப் பார்க்க வேண்டும் என்றார்கள். நல்ல காரியம் என்று இரண்டு கதவையும் திறந்துவைத்து எல்லோரையும் உள்ளே விட்டார். பெண்கள் தலை நிறையப் பூ வைத்திருந்தார்கள். பூவுக்குள் இலைப்பேன் இருக்கும். கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. மூன்று வாரத்தில் இலைகள் படகு மாதிரி மேல்நோக்கிச் சுருண்டன. காய்களில் சொறி விழுந்தது. மூவாயிரம் செடியையும் பிடுங்கி அவர் கையாலேயே தீ வைத்தார். கோபிக்காரர்களும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த ஆடி கழிந்ததும் மறுபடியும் ஒரு இடம் வந்தது. பிரவீனா, வயது முப்பத்தாறு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. தையல் கோணலாக இருந்தால் எடுத்து ஒதுக்க வேண்டும். அவிநாசி கோயிலில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். நான்கு நிமிடம் பேசினார்களாம்.

"என்ன பேசுனீங்க?" என்று கேட்டேன்.

"பேசுனது நெனப்பில்ல. செருப்பு உடற எடத்துல அவிங்க செருப்போட என்றதையும் சேத்து ஓரமா நகத்தி வெச்சாங்க."

அதை அன்று பொழுது சாய்ந்ததும் இன்னொரு முறை சொன்னார்.

இரண்டு பக்கமும் பிடித்திருந்தது. அடுத்து பெண் வீட்டார் வந்து வீடுவாசலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பெண்ணும் கூட வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். ஆவணி இரண்டாம் ஞாயிறு என்று நாள் குறித்தார்கள். இதுதான் கடைசி, இதற்கு மேல் பார்க்க வேண்டாம் என்று நஞ்சுண்டண்ணன் தன் சின்னம்மா ரங்கம்மாளிடம் சொல்லியிருந்தார். ரங்கம்மாள் இரண்டு நாள் முன்னதாகவே வந்து வீட்டைக் கழுவிவிட்டார். வீட்டில் ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. அவிநாசிக்குப் போய்ப் பத்து நாற்காலி வாங்கிக்கொண்டு வந்தார்கள். குடிலுக்குள் முதல் பறிப்புக்குக் காய்கள் நிறம் ஏறித் தொங்கின. வருகிறவர்களுக்குக் கொடுக்க, சிவப்பில் பன்னிரண்டு, மஞ்சளில் பன்னிரண்டு என்று ஒரு மாசும் இல்லாததாகத் தேர்ந்தெடுத்துப் பெட்டியில் அடுக்கிவைத்தார்.

சனிக்கிழமை அவருக்குக் கை ஓடவில்லை. "உள்ள வரோணும்ன்னு கேட்டா என்ன பண்றது?" என்றார்.

"மருந்தடிச்சிருக்குது, மூணு நாளைக்கு உள்ள போகக் கூடாதுன்னு சொல்லிருங்கண்ணா. முடிஞ்சுது."

அவர் கோணலான ஒரு காயைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். "பொய்யிலயா ஆரம்பிக்கறது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு இரண்டு காரில் பதினொரு பேர் வந்தார்கள். ஆறு பேர் பெண்கள். சத்தியமங்கலத்து மல்லிகை, கனகாம்பரம் என்று எல்லோருடைய தலையிலும் முழம் முழமாகப் பூ. பிரவீனா கருநீலச் சேலை உடுத்தியிருந்தாள். மஞ்சள் இல்லை என்று நஞ்சுண்டண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். வெல்லக் கச்சாயமும் காப்பியும் ஆயிற்று. பிரவீனாவின் அம்மா வீட்டைச் சுற்றிவந்து, ஆள் ஒருத்தர்தான் என்றாலும் சுத்தமாக வைத்திருக்கிறார் என்று ரங்கம்மாளிடம் மெச்சினார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"ஏனுங்க, தரகர் சொன்னாருங்க, ஏதோ ஏசி போட்ட தோட்டமாமா? அதையும் பாத்துட்டே கெளம்பறமுங்க" என்றார் அந்த அம்மா.

எல்லோரும் குடிலுக்கு நடந்தோம். வாசலில் நஞ்சுண்டண்ணன் கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றார். கோட்டு மூன்றுதான் இருக்கிறது, மூன்று மூன்று பேராகப் போகலாம் என்றார். செருப்பு, மருந்துத் தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னார். ஆண்கள் இரண்டு பேர் செருப்பைக் கழற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"அப்பறமுங்க... பூவ மட்டும் கழட்டி இங்க வெச்சுட்டு வந்தீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

யாருக்கும் முதலில் புரியவில்லை. பிரவீனாவின் அம்மா, "எந்தப் பூவுங்க?" என்றார்.

"தலைல வெச்சிருக்கறதுங்க. அதுல பேனிருக்குமுங்க."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இலைப்பேன் என்று முழுதாகச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது.

"நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல, பொண்ணோட தலைப் பூவ எடுக்கச் சொல்றீங்களா?" அந்த அம்மாவின் குரல் ஏறவில்லை. 'ங்க' கூட விட்டுப்போகவில்லை. "எங்க பக்கம் எப்பத்தானுங்க பூவ எடுக்கச் சொல்லுவாங்க? உங்களுக்குத் தெரியாதுங்களா?"

ரங்கம்மாள் கணவரை இழந்து இருபது வருடம் ஆகிறது. நிலைமையைச் சமாளிக்க நினைத்து அவர் என் கிராப்புத் தலையைத் தொட்டுச் சிரித்தார். "அப்ப பூவில்லாதவ நானும் இந்த முடி வெட்டுன புள்ளையுந்தான் உள்ள போகோணுமாட்ட இருக்குது!"

அதோடு போயிற்று. கூட வந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கழற்றிய செருப்பை ஆண்கள் மறுபடி போட்டுக்கொண்டார்கள்.

ரங்கம்மாள் அவர் காதருகே போய், "ஒரு நாளைக்குத்தானடா அப்புனு, தெறந்து உட்ரா சாமி" என்றது எனக்குக் கேட்டது. அவர் கை தாழ்ப்பாளில் இருந்தது. அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. அப்படியே நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பெண் வீட்டார் ஒவ்வொருவராகக் காரைப் பார்த்து நடந்தார்கள்.

பிரவீனா மட்டும் நின்றாள். "வெளிய இருந்து பாக்கலாமுங்களா?" என்று கேட்டாள்.

அவர் தலையை மட்டும் ஆட்டினார். வெளிக்கதவைத் திறந்து, மூடி, தாழ் போட்டு, உள்கதவைத் திறந்து, மூடி உள்ளே போனார். அவள் வலைச் சுவரை ஒட்டி வெளியே நடந்தாள். அவர் உள்ளே நடந்தார். அவ்வளவு நெருக்கமான வலையில் முகம் தெரியாது, ஆளின் நிழல்தான் தெரியும். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். அந்தப் பக்கம் வேறு சத்தம் இல்லாததால் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"இத்தன உசரமா வளருமுங்களா?"

"பத்தடி வருமுங்க. நூலப் புடிச்சு ஏறிக்குமுங்க."

"இதச் சாப்புடுவீங்களா? எங்கூட்ல யாரும் திங்க மாட்டாங்க."

"நல்லதெல்லாம் வேன்ல போயிருமுங்க. கோணலா இருக்கறதத்தான் நான் திங்கறதுங்க."

"எனக்கும் அதேதான் வேலைங்க" என்றாள். "நாளெல்லாம் கோணலாப் பொறுக்கிப் பொறுக்கி ஒதுக்கறதுதான்."

அவர் சிரித்தார். அந்தக் குடிலுக்குள் அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

"ஒறப்பா இருக்குமுங்களா?"

"இனிப்புங்க. இருங்க, ஒண்ணு தாரேன், தின்னு பாருங்க."

கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. வலையின் அடி மண்ணுக்குள் புதைந்திருக்கிறது. ஒரு விரல்கூட நுழையாது. காயைக் கொடுக்க வேண்டுமென்றால் வரிசையின் முனைக்கு நடந்து, இரண்டு கதவையும் தாண்டி, குடிலைச் சுற்றித்தான் வர வேண்டும். அவர் உள்ளே ஓடுகிற சத்தம் கேட்டது. அப்போது கார் ஹாரன் அடித்தது. "பிரவீனா!" என்று அவள் அம்மா கூப்பிட்டார். அவள் அங்கேயே நின்றாள். மறுபடியும் ஹாரன். உள்கதவு திறந்தது. சாத்தினார். தாழ் போடும் சத்தம். அவள் என் பக்கமாக ஒரு தரம் பார்த்துவிட்டு நடக்கத் தொடங்கினாள். அவர் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார். 'கோட்டோட வாங்கண்ணா' என்று கத்த வாய் வந்தது. கத்தியிருக்க வேண்டும்.

வெளிக்கதவைத் திறந்து அவர் வெளியே வந்தபோது கார்கள் மண்பாதையின் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தன. அப்போதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டுத்தான் பாதையைப் பார்த்தார். கையில் ஒரு மஞ்சள் குடைமிளகாய். கோணல் இல்லாதது, பெட்டியில் அடுக்கியவற்றைவிடப் பெரியது. நல்லது ஒன்றைத் தேடிப் பறித்ததில்தான் நேரம் போயிருக்கிறது.

கொடுப்பதற்கு வைத்திருந்த பெட்டி வாசலில் அப்படியே இருந்தது. செவ்வாய்க்கிழமை நிஜாம் வந்து அதையும் மற்றவற்றோடு தூக்கிக்கொண்டு போனார். "ஏனுங்ணா, நல்ல கலரா எறங்கியிருக்குதே, மொகத்துல ஒண்ணும் காணம்?" என்றார். நஞ்சுண்டண்ணன், "வெயிலுங்க" என்றார்.

எட்டாம் நாள் தரகர் போன் செய்தார். ஜாதகத்தை இன்னொரு இடத்தில் பார்த்தார்களாம், பொருந்தவில்லையாம். அது மரியாதைக்குச் சொல்கிற சொல் என்று எல்லோருக்கும் தெரியும். பெண் என்ன சொன்னாள் என்று ரங்கம்மாள் கேட்டதற்கு, பெண்ணிடம் யார் கேட்டார்கள் என்றாராம் தரகர். ரங்கம்மாள் தன் வாயைத்தான் திட்டிக்கொண்டு பேருந்து ஏறினார். நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு மூலைக்குப் போயின.

அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி ஒரே ஒரு முறை பேசினார். புரட்டாசியில் ஒரு மத்தியானம், வரிசை முனையில் உட்கார்ந்திருந்தோம்.

"உள்ள உட்டிருக்கலாம் கண்ணு. மூவாயிரம் செடிதான? போனா மறுக்கா நட்டிருக்கலாம்."

அவர் காயின் காம்பைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டார்.

"இல்ல" என்றார். "உட்டிருக்க மாட்டன். அந்தக் கதவத் தெறக்கறதுக்குக் கையே வரல."

இந்த வருடம் அவருக்கு வந்த விளைச்சல் மாதிரி சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் வரவில்லை என்று நிஜாம் சொல்கிறார். மஞ்சள் அட்டைகளில் அனேகமாக ஒன்றும் ஒட்டுவதில்லை.

ஐப்பசியில் நான் பத்து நாள் போத்தனூரில் சிநேகிதி வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். கிளம்ப வேண்டும், எங்கே என்று முடிவாகவில்லை. திரும்பி வந்த மறுநாள் காலை வேலியைத் தாண்டி அவரைப் பார்க்கப் போனேன். குடிலின் வெளிக்கதவுக்குப் பக்கத்தில், நிழல் விழுகிற இடத்தில், புதிதாக ஒரு பலகை அடித்திருந்தது. அதன்மேல் மூடி போட்ட ஒரு எவர்சில்வர் போசி. திறந்தேன். உள்ளே வெள்ளைத் துணி ஒன்றை நனைத்துப் பிழிந்து மடித்து வைத்திருந்தது.

"இதென்னங்ணா?"

"பூ வெக்கறதுக்கு."

"யாராச்சும் வாராங்களா?"

"இப்பத்திக்கு யாருமில்ல." அவர் என் கையிலிருந்து மூடியை வாங்கினார். "இதிருந்தா வாயில சொல்ல வேண்டியதில்ல பாரு. பாத்தாலே புரியும். ஈரத்துல இருந்தா வாடாது. வெளிய வந்து மறுக்காத் தலைல வெச்சுக்கலாம்."

துணி லேசாகத்தான் காய்ந்திருந்தது. குழாயில் கையை நனைத்துத் துணிமேல் தெளித்து, மூடியை அழுத்தி மூடினார். பிறகு வெளிக்கதவைத் திறந்து உள்ளே போனார். தாழ் விழுந்தது. செருப்பைக் கழற்றுவது கேட்டது. உள்கதவு திறந்து மூடியது. அந்தத் தாழும் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் டங், டங் என்று கம்பி சத்தம் வந்தது. மணி ஒன்பது.